பத்து நாற்பத்தொன்றுக்குப் பிறந்தவன்

பிரசவ அறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எனக்கு 'மணிக்கூண்டு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். குழந்தை முழுதாக வெளியே வந்ததும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்வேன். ஒரு நிமிடம் ஆனதும் குழந்தைக்கு எத்தனை மார்க் என்று சத்தமாகச் சொல்வேன். ஐந்தாவது நிமிடத்தில் இன்னொரு தடவை. டாக்டருக்குக் கேட்க வேண்டும், பெற்றவளுக்குக் கேட்க வேண்டும், தரை துடைக்கிறவளுக்கும் கேட்க வேண்டும்.

"என்னத்துக்கு சிஸ்டரே மீன் விக்கிறது போல கூவுதீங்க? எழுதினா போதாதா?" என்று போன மாதம் ஒருத்தி கேட்டாள்.

போதாது என்றேன். அதற்குமேல் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நாலு பேரிடம் போய்ச் சொல்வாள், அதுவும் தப்பும் தவறுமாக. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

மார்க் என்றால் பள்ளிக்கூட மார்க் போலத்தான், பத்துக்கு இத்தனை என்று. ஐந்து காரியங்களைப் பார்ப்போம். உடம்பின் நிறம், இதயத் துடிப்பு, உள்ளங்காலைச் சுண்டினால் முகம் சுளிக்கிறதா என்பது, கைகால் மடங்கி முறுக்காக இருக்கிறதா துவண்டு கிடக்கிறதா என்பது, மூச்சு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், அரைகுறை என்றால் ஒன்று. பத்துக்குப் பத்து வாங்குகிற குழந்தை அபூர்வம். நல்ல சுகமாய்ப் பிறந்த பிள்ளைக்கும் முதலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கொஞ்சம் நீலமாகத்தான் இருக்கும். அதனால் ஒரு நிமிடத்தில் எட்டு, ஐந்து நிமிடத்தில் ஒன்பது என்பது வழக்கமான மார்க். வழக்கம் என்பதாலேயே வந்த வினையும் உண்டு. பார்க்காமலே எழுதுவார்கள். எட்டு, ஒன்பது. எட்டு, ஒன்பது. பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தது போலிருக்கும். நானும் அப்படி எழுதியவள்தான். யோக்கியம் பேச எனக்கு வாயில்லை.

முகக்கவசம் போட்ட காலம் முடிந்து, ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கியிருந்த சமயம் அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தேன். அங்கே கேஸ் ஷீட்டில் ஆங்கிலம், வராந்தாவில் மலையாளம், இடுப்பு வலி முற்றினால் தமிழ். பாதிப் பேர் அந்த நேரத்தில் அம்மாவைக் கூப்பிடுவார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டுவார்கள்.

அன்று காலையில் வந்தவள் அதியன்னூர்ப் பெண். குன்னத்துகாலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் கல்ஃபில். தலைப்பிரசவம். திட்டாத ஜாதி, பல்லைக் கடித்துக்கொண்டு, நான் சொன்னபோது முக்கி, சொன்னபோது நிறுத்தி, இப்படி ஒருத்தி கிடைத்தால் போதும் என்று தோன்றவைத்தவள். கூட வந்திருந்தவர் மாமனார். பஸ் டிப்போவில் வண்டி புறப்படும் நேரமும் வந்து சேரும் நேரமும் எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, கையில் பழைய சாவி கொடுக்கும் வாட்ச். அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சிஸ்டரே, ஒரு காரியம் உண்டு. பத்தே முக்கால் வர பூராடமாக்கும். அதுக்குப் பெறகு உத்திராடம். பூராடத்துல பெறந்தா தகப்பனுக்கு ஆவாதுண்ணு ஜோசியர் சொல்லுகாரு. எனக்க மவன் கடலுக்கு அக்கரையில கெடக்கான்."

"அதுக்கு நான் என்ன சார் செய்ய? பிள்ளைய உள்ள பிடிச்சு வைக்கவா?" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு உள்ளே போனேன்.

பத்து நாற்பத்தொன்றுக்குப் பிள்ளை வந்தான். தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று, இறுக்கமாக. டாக்டரம்மா அதை வெட்டி எடுத்து அவனை என் கையில் தந்தபோது நனைந்த துணியை வாங்கியது போலிருந்தது. அழுகை இல்லை. மூச்சு இல்லை. கைகால் தொங்கியது. உடம்பு முழுக்க நீலம். தாய்க்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். குழந்தை டாக்டர் நெய்யாற்றின்கரையில் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்குப் போன் போனது. ஆக்சிஜன் சிலிண்டர் அந்த நேரம் பார்த்துத் தீர்ந்துபோக, அட்டெண்டர் அக்கா வேறு எடுக்க வெளியே ஓடினாள். அவனுக்கு நான் மட்டும்தான்.

துடைத்தேன். வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தேன். முதுகைத் தேய்த்தேன், காலைச் சுண்டினேன். ஒன்றுமில்லை. முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் அவனிடம் இருந்தது இதயத் துடிப்பு மட்டும், அதுவும் நூற்றுக்குக் கீழே. மார்க் ஒன்று. ஐந்து நிமிடத்தில் துடிப்பு நன்றாக ஏறிவிட்டது, உடம்பு சிவக்கத் தொடங்கியது, இரண்டு தடவை வாயைத் திறந்து விக்கினான். கைகால் அப்போதும் துவண்டுதான் கிடந்தது. மார்க் நாலு. கையுறை சுற்றிவந்த காகிதத்தில் ஒன்று, நாலு என்று கிறுக்கி வைத்தேன். பத்து நாற்பத்தேழுக்கு அழுதான். முதலில் முனகல், பிறகு வெளியே கேட்கிற அழுகை. பத்து நிமிடத்தில் ஆறு மார்க்.

அவன் அழுதபோது நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது.

பிள்ளையைத் துணியில் சுற்றிக் காட்டக் கொண்டுபோனபோது மாமனார் கதவுக்கு வெளியே வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கரைஞ்சது பத்து நாப்பத்தேழு. நான் பாத்துட்டேன். உத்திராடம்," என்றார். "அந்த சமயத்தயே எழுதணும் சிஸ்டரே. ஆஸ்பத்திரி புக்குல ஒண்ணு, ஜாதகத்துல ஒண்ணுண்ணு இருந்தா நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும். கரைஞ்சாத்தானே பெறப்பு?"

கரைவது என்றால் எங்கள் பக்கத்தில் அழுவது. கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. அழாத வரைக்கும் அவன் இந்தப் பக்கம் வந்தானா என்று எனக்கே தெரியாமல்தானே இருந்தது? ஆறு நிமிடத்தில் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு தகப்பன் நிம்மதியாய் இருக்கட்டுமே. உள்ளே போய், "சமயம் என்ன போடட்டும் டாக்டர்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். தையல் போட்டுக்கொண்டே, "நீ பாத்தது எதோ அது," என்றார் டாக்டரம்மா. ரெஜிஸ்டரிலும் பிள்ளையின் கார்டிலும் பத்து நாற்பத்தேழு என்று எழுதினேன்.

எழுதிய பிறகுதான் மார்க் இடித்தது. பத்து நாற்பத்தேழுக்குப் பிறந்தவன் என்றால் பத்து நாற்பத்தெட்டில் அவனுக்கு ஒரு நிமிடம். அந்த நேரம் அவன் அழுதுகொண்டிருந்தானே. அழுகிற பிள்ளைக்கு ஒன்று என்று எப்படிப் போடுவது? உண்மையான மார்க்கைப் போட்டால் நேரம் பொய்யாகும். பொய் நேரத்துக்கு உண்மையான மார்க் ஒட்டாது. ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கை பழக்கப்பட்டதை எழுதிவிட்டது. எட்டு, ஒன்பது. பிறந்ததும் அழுதது என்ற கட்டத்தில் ஒரு டிக். கையுறைக் காகிதம் குப்பைவாளிக்குப் போனது.

குழந்தை டாக்டருக்கு, பிள்ளை அழுதுவிட்டான், அவசரமில்லை என்று மறுபடி போன் செய்தோம். அவர் மூன்று மணிக்கு வந்திருக்கிறார். என் டியூட்டி இரண்டுக்கே முடிந்துவிட்டது. அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் கார்டைப் பார்த்தார், எட்டு ஒன்பது, நெஞ்சில் ஸ்டெத் வைத்தார், போய்விட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தக் கார்டைப் பார்த்தால் நான்கூட அப்படித்தான் போயிருப்பேன்.

மறுநாள் பெற்றவள் என்னிடம் சொன்னாள், "சிஸ்டரே, இவன் எப்பமும் ஒறக்கம்தான். பால இழுக்கவே மாட்டேங்கான்."

"தலப்பிள்ளண்ணா அப்படித்தான் பிள்ளே. பைய பைய பழகும்," என்றேன்.

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம். அவள் சொன்னது என்னிடம்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். ஒன்றரை வருடம் ஓடியது. எத்தனையோ பிரசவம் பார்த்தேன், எத்தனையோ எட்டு ஒன்பது எழுதினேன், அவனை மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு நாள் பத்து மணிவாக்கில் ரெக்கார்டு அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பழைய ரெஜிஸ்டரில் என் கையெழுத்து விளங்கவில்லையாம். போனால் அவள் நிற்கிறாள். மெலிந்து பாதியாகியிருந்தாள். இடுப்பில் பிள்ளை. ஒன்றரை வயதுப் பிள்ளையின் தலை அவள் தோளில் சாய்ந்து கிடந்தது. கால் இரண்டும் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னியிருந்தன. பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது.

"எங்கள ஓர்ம உண்டா சிஸ்டரே?" என்று சிரித்தாள். "இவன் இன்னும் நிமிந்து இருக்கல்ல. பிள்ளைகளுக்க வளர்ச்சி பாக்குத டாக்டருட்ட காட்டுதோம். பெறந்ததும் கரைஞ்சானா, மார்க் எத்தர, எல்லாம் ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு. கார்டு மழையில நனைஞ்சு போச்சு."

கிளார்க் வாசித்தார்: "நேரம் பத்து நாற்பத்தேழு. பிறந்ததும் அழுதது. எட்டு, ஒன்பது. எல்லாம் நார்மல்தான். சரியா சிஸ்டர்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் "சரி" என்றேன். முதல் தடவை எழுதியது தெரியாத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த 'சரி' தெரிந்தே சொன்ன பொய்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்பம் பெறப்புல ஒண்ணும் இல்ல," என்றாள். "டாக்டரும் அதாக்கும் சொன்னாரு. பெறப்பு சரியாட்டு இருந்தா ரத்தத்துல வல்லதும் கொறை இருக்கும், டெஸ்டு செய்யணும், அதுவர அடுத்த பிள்ளைக்கு நிக்காண்டாம்ணு. மாமி அண்ணைக்கே சொல்லிட்டாவ, எனக்க குடும்பத்துல உள்ளதாம், எனக்க மாமனுக்க மவன் காலச் சாச்சு நடப்பானாம். வாற மாசம் என்ன எனக்க வீட்டுல கொண்டு விடப் போறினும். பெறகு கூட்டுவினுமோ என்னமோ." பிறகு பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு, "எனக்கும் அதுதான் தோணுது. என்ட்ட இருந்துதானே வந்தான்," என்றாள்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைத் தூக்கி அடித்தது. ஊர் அவளைச் சொல்வது ஒரு பக்கம். அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள். நான் எழுதிய ஒரு வரியால். கிளார்க் எழுதிக் கொடுத்த காகிதத்தை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் ரெஜிஸ்டர் முன்னால் அப்படியே நின்றேன். கிளார்க் என்ன ஆச்சு என்று கேட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது, வேறு யார் மேலும் இல்லை. இதை நான்தான் செய்தேன், நான்தான் சரி செய்ய வேண்டும், என்ன ஆனாலும் சரி என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மதியமே நர்சிங் சூப்பிரண்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"உனக்கு வேற பணி ஒண்ணும் இல்லியா பிள்ளே? ஒன்றர வருசம் முந்தியுள்ள ரெஜிஸ்டர். கேஸ் வந்தா நீ மட்டுமா போவ? டாக்டரு, நான், இந்த ஆஸ்பத்திரி, எல்லாருக்கும் ஆக்கும் பாடு. அந்தப் பிள்ள இனி எழும்பி நடக்கப் போறானா நீ சொன்னா?"

"பிள்ள நடப்பானா மாட்டானாண்ணு எனக்குத் தெரியாது மேடம். அவனுக்க அம்ம தலயில உள்ள பழி எறங்கும். அது எனக்குத் தெரியும்."

"உனக்க வேல போவும்."

"போனா போட்டு."

இப்படிச் சட்டென்று சொல்லிவிட்டேனே தவிர உள்ளே உதறல்தான். என் வீட்டிலும் இதே பாட்டுத்தான். சும்மா இருக்கிற வாயை ஏன் திறக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். ரெஜிஸ்டரை வெட்டித் திருத்தக் கூடாது. திருத்தினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். தனி வெள்ளைத் தாளில், என் பெயர், என் பதிவு எண், அன்றைய தேதி எல்லாம் போட்டு, பத்து நாற்பத்தொன்றிலிருந்து நடந்ததை நிமிடம் நிமிடமாக எழுதினேன். ஏன் மாற்றி எழுதினேன் என்பதையும் எழுதினேன். கேட்டது மாமனார், எழுதியது நான் என்று. ஒரு பிரதியைச் சூப்பிரண்டின் மேஜையில் வைத்தேன். இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை குன்னத்துகாலுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. சிட்டவுட் திண்ணையில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. பேப்பரைக் கீழே வைத்தார், வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே அவள் பிள்ளையைத் தலையணைகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்து உட்காரவைத்து, மசித்த ஏத்தன் வாழைப்பழத்தை ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அடுக்களையிலிருந்து வந்தார். "இருங்க சிஸ்டரே, சாய போடட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த வீட்டுச் சாயாவைக் குடித்துவிட்டு இதைச் சொல்ல எனக்கு முடியாது.

பையிலிருந்து தாளை எடுத்துக் கையில் பிடித்து, நின்றுகொண்டே சொன்னேன். பிள்ளை பிறந்தது பத்து நாற்பத்தொன்று. அழுதது பத்து நாற்பத்தேழு. நடுவில் ஆறு நிமிடம் சொந்தமாக மூச்சு இல்லை. முதல் மார்க் ஒன்று, அடுத்தது நாலு. எட்டு ஒன்பது என்று நான் எழுதியது பொய்.

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. பேசியது மாமியார்தான்.

"புக்குல எட்டு ஒம்பதுண்ணு கெடக்கு. அவளே எழுதி வாங்கிட்டு வந்தா. இப்பம் வந்து மாத்திச் சொல்ல உங்களுக்கு யாரு சொல்லித் தந்தா? இவளுக்க வீட்டுலயிருந்து வந்து உங்களப் பிடிச்சினுமா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்றே வந்திருந்தேன். என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? ரெஜிஸ்டர் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும், அதுவும் என் கையெழுத்திலேயே. கையுறைக் காகிதத்தை நான்தான் குப்பையில் போட்டேன். "அம்மா, பொய் சொல்லி எனக்கு என்ன லாபம்? இதச் சொன்னா எனக்க வேல போவும்," என்றேன். "அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். அவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் ஒரு ஆசையும் ஒரு பயமும் சேர்ந்து தெரிந்தது. நம்பலாமா என்று என்னை அளந்துகொண்டிருந்தாள்.

மாமனார் எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன பாக்கெட் டைரி. ஒரு பக்கத்தை விரித்து மருமகளிடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். டிப்போவில் எழுதிய அதே அச்சுப் போன்ற கையெழுத்தாக இருக்கும்:

10.41 ஆண்.

10.47 கரைச்சல்.

"சிலிண்டர் எடுக்க ஓடி வந்த அக்கா, பிரசவம் ஆச்சு, ஆண்பிள்ளண்ணு சொல்லிட்டுப் போனா," என்றார். "அப்பம் நாப்பத்தொண்ணு. பெறகு ஆறு நிமிசம் சத்தமே இல்ல. நான் அங்கதான் நின்னேன். சிஸ்டரு சொல்லுகது உள்ளதாக்கும்."

அவள் டைரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா மாமா? இத்தர நாளும்?"

"எனக்க மவனுக்கு ஒண்ணும் வரப்பிடாதுண்ணு மட்டும்தான் நெனச்சேன் மக்களே. இவனுக்கு இப்படி ஆவும்ணு எனக்குத் தெரியாது."

"மாமி எனக்க குடும்பத்தச் சொன்னப்பம் எல்லாம் நீங்க பேப்பர் வாசிச்சிட்டு இருந்தீங்க."

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நானும் அவரும் ஒரே தராசுத் தட்டில்தான் நின்றோம்.

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த ஆறு நிமிசமும் எனக்க பிள்ளைக்கு நீங்க என்ன செய்தீங்க? ஒண்ணு விடாம சொல்லணும்."

சொன்னேன். துடைத்ததை, சளி எடுத்ததை, முதுகு தேய்த்ததை, பை அமுக்கியதை, இதயத் துடிப்பை எண்ணியதை, அவன் முதலில் விக்கியதை. அவள் ஒரு தடவைகூட இடைமறிக்கவில்லை. பெற்றவள் அதே அறையில் ஐந்தடி தூரத்தில் கிடந்திருக்கிறாள், அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் அவளுக்கு அவள் பிள்ளை பிறந்த கதை கிடைக்கிறது.

"ரெண்டாம் நாளு பால் இழுக்கல்லண்ணு நான் உங்கள்ட்ட சொன்னேன்."

"சொன்ன."

"அப்பம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா ரெண்டையும் சேத்துப் பாக்கல்ல. சேத்துப் பாத்தா எனக்க பொய் வெளிய வந்திருக்கும். அதாக்கும் பாக்காதது."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். நான் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "உங்கள நான் ஒருக்காலும் பொறுக்க மாட்டேன் சிஸ்டரே. அத இப்பமே சொல்லிப் போடுதேன். ஆனா செவ்வாக்கெழம டாக்டருட்ட போணும். நீங்க கூட வரணும். இந்தத் தாள நீங்களே அவருட்ட குடுக்கணும்."

"வாறேன்," என்றேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மெமோ கொடுத்தார்கள். பிரசவ அறையிலிருந்து என்னை மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து நானே விலகி இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தேன். டாக்டரம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதையெல்லாம் இங்கே அளந்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அவளுக்குப் போனதோடு பார்த்தால் எனக்குப் போனது ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நான் அந்த வளர்ச்சி டாக்டரிடம் போனபோது அவள் முதல் ஆளாக வரிசையில் இருந்தாள். மாமனாரும் வந்திருந்தார், பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு, இரண்டடி பின்னால். மாமியார் வரவில்லை. எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையான மனிதர். பிள்ளையின் காலை மெல்ல விரித்துப் பார்த்தார், கழுத்தைப் பிடித்துப் பார்த்தார், ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். அவன் கண் அதன் பின்னால் போனது. பிறகு மேஜைக்கு வந்து ஃபைலைத் திறந்தார். பிறகு கேட்டது, எல்லாத் தாயிடமும் முதலில் கேட்கிற வழக்கமான கேள்வி. பதில் ஏற்கனவே தெரியும் என்பது போல எழுதிக்கொண்டேதான் கேட்டார்.

"பிறந்ததும் அழுதான், இல்லையா?"

நான் தாளை எடுக்கப் பையைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் நின்றவருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"இல்ல டாக்டர். ஆறு நிமிசம் கரையல்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எழுதியிருந்த வரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று உடனே சொல்லிவிட முடியாது, ஆனால் இது எல்லாவற்றையும் மாற்றுகிறது, முதலில் தலையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், அதற்கேற்ற பயிற்சியை இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றார். இது குடும்பத்தில் வந்த நோய்தான் என்று இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். டாக்டர் புதிதாக ஒரு தாளை இழுத்து மேலே பிள்ளையின் பெயரை எழுதினார்.

"முதல் நிமிஷத்தில் மார்க் எத்தனை?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு," என்றேன்.